குதிரை வீட்டில் ஒரு ஹாம்ஸ்டர்

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. ஆறு வரைக்கும் சிரமமில்லை. பெயர் லாய் சூஹுவெய். வயது நாற்பத்து நான்கு. வேலை, முகவரி, பூனை உண்டா, புகைபிடிப்பவர் உண்டா. ஏழாவது கேள்வி: வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? இரண்டு என்று எழுதப் போனேன். எதிரே வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த அப்பா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிவத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுன்னு எழுது."

"அப்ப நீங்க யாரு?"

"என் வீட்டுப் பதிவு ஊர்ல, ச்சிஷான்ல இருக்கு. நான் எப்படி உன் வீட்டு ஆளாவேன்? தினமும் ஆபீஸ்ல இதைத்தானே பாக்குறே ஆஹுவெய், என்னைக் கேக்குறே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் ஃபெங்ஷான் வட்டார வீட்டுப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்பவள். பிறந்தவர்களை வீட்டில் சேர்ப்பது, இறந்தவர்களை நீக்குவது, குடிமாறியவர்களை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பது. ஊரில் பாதிப் பேரை இடம் மாற்றியிருக்கிறேன். அப்பாவின் பதிவேடு மட்டும் அவர் கொண்டுவந்த துணிப்பையிலேயே கிடக்கிறது. பை அவருடைய கட்டில் முனையில் தொங்குகிறது. மூன்று மாதமாக அதன் முடிச்சு அவிழவில்லை.

சந்திரப் புத்தாண்டுக்குச் சற்று முன்பு ச்சிஷான் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தனியாக இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பேசினைத் திருப்பித் தர வந்தபோதுதான் கண்டுபிடித்தாள். அதற்குள் ஐந்து மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருந்தார். முதுகெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்த வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்: இலைக் கொழுக்கட்டைத் திருநாள் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று. திருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்தக் குளியலறை ஓடுகள் அடிக்கடி என் கண்ணில் வந்துபோகும். 'போகாதீங்க, இங்கேயே இருங்க' என்று சொல்ல வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, விசிறியைத் திருப்பு. இந்த மூன்றுக்குமேல் எங்களுக்குப் பேச்சு ஓடாது.

அதனால்தான் ஹாம்ஸ்டர். குட்டை வகை, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, எடை நாற்பது கிராம். ஓசாகாவுக்கு வேலைக்குப் போகிற ஜிச்சிங் என்ற பெண், நல்ல வீடு தேடுவதாகப் படத்தோடு போட்டிருந்தாள். இந்தப் படிவம் அவள் அனுப்பியதுதான். அதன் பெயர் டௌஹுவா. அந்தப் பெயருள்ள சோயாப்பால் இனிப்பைப் போலவே வெளுப்பு, அதே நெளிவு. பகலெல்லாம் நான் கவுண்டரில் இருக்கும்போது வீட்டில் மூச்சு விடுகிற இன்னொன்று இருக்கட்டும், தீனி வைக்க வேண்டியது ஒன்று இருந்தால் ஒரு மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அப்பாவிடம் எனக்காக வாங்குவதாகச் சொன்னேன்.

போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"ஹாம்ஸ்டர்."

"எலி."

"எலி இனம்தான். ஆனா…"

"நான் என்ன வருஷம்?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு நாளைக்கு ஐம்பது பிறந்த தேதி பார்க்கிறவள். யாருடைய தேதியைப் பார்த்தாலும், பன்னிரண்டு வருடச் சுற்றில் அவர் என்ன விலங்கு என்று விரல் விட்டு எண்ணாமலே சொல்வேன். அப்பா குதிரை. இந்த வருடமும் குதிரை. குதிரைக்கு நேர் எதிர் எலி என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும்.

"குதிரை வருஷம். குதிரைக்காரன் இருக்கிற வீடு. அதுக்குள்ள எலி." அப்பா கடலைத் தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார். "ரெண்டுல ஒண்ணு வெளிய போயாகணும். அது இன்னும் வரலை. அதனால நான் போறேன். திருநாள் வரைக்கும் எதுக்கு, முன்னாடியே போறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. சாவகாசம்தான் இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. அவரை நிறுத்திவைக்க நான் கொண்டுவந்த யோசனையையே அவர் போவதற்குக் காரணமாக எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று ஜிச்சிங்குக்கு எழுதிவிடலாமா என்று போனை எடுத்தேன். எழுதினால் என்ன ஆகும்? எலி வராது, ஆனால் திருநாள் வரும். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சந்தைக்குப் பக்கத்திலுள்ள பிராணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கம்பிக் கூண்டை எடுத்து வைத்தார். ரெண்டு மாடி, மஞ்சள் சறுக்கு, சிவப்பு ஜன்னல், மேலே ஒரு மொட்டைமாடி.

"ரொம்பப் பெரிய பெட்டி வேணும்னு சொல்றாங்களே, எண்பது சென்டிமீட்டராவது?" என்றேன்.

"அக்கா, அது உள்ளங்கை சைஸு. அதுக்கு எதுக்கு கால்பந்து மைதானம்? இதுல நானே குடிவந்துடலாமான்னு பாக்குறேன். வாடகை குடுத்து முடியல."

வாங்கிவந்து படமெடுத்து ஜிச்சிங்குக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. கம்பித் தரையில் பாதம் புண்ணாகும். மாடியிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். அந்தச் சக்கரம் சின்னது, முதுகு வளைந்துவிடும். கடைசி வரி: 'அக்கா, இது வீடு இல்ல, ஜெயில்.'

கூண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எலியே வேணாம்னு சொல்லிடுச்சா?"

அன்று மாலைக்குள் இணையத்தில் நாற்பது பக்கம் படித்தேன். படித்த அளவுக்குக் குழம்பினேன். படுக்கைக்கு மரச்சீவல் ஒரு சாண் ஆழம் வேண்டும் என்றார் ஒருவர். ரெண்டு சாண் இல்லாவிட்டால் கொடுமை என்றார் இன்னொருவர். மணல் குளியல் தினமும் வேண்டும், வாரம் ஒருமுறை போதும், வைக்கவே கூடாது. கேரட் நல்லது, கேரட்டில் சர்க்கரை. பஞ்சு மட்டும் கூடாது என்பதில்தான் எல்லாரும் ஒத்துப்போனார்கள். கடைசியில் குளிர்காலப் போர்வைகளைப் போட்டுவைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்து கழுவினேன். மூடியில் காற்றுக்கு ஓட்டை போட வேண்டும். கத்தரிக்கோலால் குத்தினேன், மூடி விரிசல் விட்டது.

"குடு இங்க." பின்னாலிருந்து அப்பாவின் குரல். "மூடியைக் குத்துறாளாம். காத்து பக்கவாட்டுல வந்து பக்கவாட்டுல போகணும். மேல மட்டும் ஓட்டை போட்டா அடியில ஈரம் தங்கும்."

முப்பத்தோரு வருடம் ச்சிஷான் வாழைக்காய்க் கூட்டுறவுச் சங்கத்தில் பெட்டி கட்டியவர். பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சூட்டுக்கோலைச் சூடேற்றி, பெட்டியின் இரண்டு பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டு, ஒரே இடைவெளியில் ஓட்டைகள் இட ஆரம்பித்தார். பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது.

"ஜப்பானுக்குப் பன்னெண்டு நாள் கப்பல்ல போற பழமே மூச்சு விட்டுட்டுப் போச்சு. இந்த எலி விடாதா?"

"நீங்கதான் அது வந்தா போறேன்னீங்க."

"போறேன். அதுக்காக, வர்றது மூச்சுத்திணறிச் சாகணுமா?"

நான் விரிசல் விட்ட மூடியை ஒட்ட டேப் தேடப் போனேன்.

பெட்டி தயார். அதை எங்கே வைப்பது என்பதில்தான் அந்த வாரம் முழுக்கக் கழிந்தது. ஜிச்சிங்கின் நிபந்தனைகள்: நேர் வெயில் கூடாது, ஏசி காற்று நேராகப் படக்கூடாது, சத்தம் கூடாது, இருபத்தேழு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அப்பாவின் நிபந்தனைகள் அவருடைய பஞ்சாங்கத்திலும், அதோடு இலவசமாக வந்த திசைகாட்டியிலும் இருந்தன. கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது, ஜிச்சிங் ஒப்பமாட்டாள். கூடத்தின் மறு மூலையில் முன்னோர் பீடம் இருக்கிறது, அப்பா ஒப்பமாட்டார். "உங்க அம்மா உயிரோட இருக்கும்போதே எலியைக் கண்டா நாற்காலி மேல ஏறுவா. இப்ப எங்க ஏறுவா?" சமையலறையில் புகை. பால்கனியில் வெயில். அங்கே நிஜமான எலிகளும் வரும். மிச்சம் வடக்கு ஓரத்திலுள்ள என் அறை. அங்கே கொண்டுபோய் வைத்ததும் அப்பா திசைகாட்டியோடு வந்தார்.

"வடக்குதான் எலியோட ஆசனம். அதை அதோட சிம்மாசனத்துலயே உட்கார வெக்கிறே. என்னை ஒரேயடியா விரட்டணும்னா நல்ல இடம்தான்."

"அப்ப உங்க ரூம்லயே வெக்கட்டுமா?"

"அங்கயா?" அப்பா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "அங்க வேணாம். பாவம்."

யார் பாவம் என்று நான் கேட்கவில்லை.

அவரைச் சமாதானப்படுத்த ஒரு காரியம் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை காப்பி போடும்போது அவருடைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஹாம்ஸ்டரைக் கொண்டுவர நல்ல நாள் பார்த்தேன். நான் இதையெல்லாம் பார்க்கிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுவீடு புகுவதற்கு உகந்தது என்று போட்டிருந்தது. ஜிச்சிங்கிடம் கேட்டேன், ஞாயிறு மதியம் டௌஹுவாவையும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். பிடித்தால் விட்டுப்போவாள். பிடிக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு.

"ஞாயித்துக்கிழமை நல்ல நாளாம்பா. பாத்துட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

அப்பா குவளையை மேசையில் வைத்தார். "எலிக்கு நாள் பாத்தியா?"

"ஆமா. நீங்க சொல்வீங்களேன்னுதான்."

"நல்லது" என்றார். மிச்சக் காப்பியைக் குடிக்காமல் எழுந்துபோனார். அவருக்குச் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. விசிறியைத் திருப்பு என்றுகூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கவுண்டரில் கூட்டமாக இருந்தபோது போன் அடித்தது. அப்பா.

"ஆஹுவெய், அது எப்ப பொறந்தது?"

"எது?"

"எலி. கோயில்ல இருக்கேன். விளக்கேத்த வந்தேன். இந்தம்மா தேதி இல்லாம எழுத மாட்டேங்குது."

வருடத்தோடு மோதுகிற விலங்குக்காரர்கள், வருடத்துக் காவல் தெய்வத்தின் முன்னால் பெயரைப் பதிந்து விளக்கேற்றிக்கொள்வது வழக்கம். மனிதர்களுக்கு. அப்பா ஹாம்ஸ்டருக்காகப் போயிருக்கிறார். ஏன் போனார்? கிளம்பப்போகிறவருக்கு அது மோதினால் என்ன, மோதாவிட்டால் என்ன? எதிரே திருமணப் பதிவுக்கு வந்த ஜோடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜிச்சிங்குக்குச் செய்தி போட்டேன். போன வருடம் செப்டம்பர் பதினொன்று என்று பதில் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண்ணின் கணீர்க் குரல் கேட்டது.

"போன வருஷமா? அப்ப அது பாம்பு, பெரியவரே. பாம்புக்கு இந்த வருஷம் ஒண்ணும் கெடையாது. வீட்டுக்குப் போங்க."

"ஏம்மா, அது எலி. நான் படத்தைப் பாத்தேன்."

"நீங்க என்ன வருஷம்?"

"குதிரை."

"உங்களுக்கு வால் இருக்கா?"

மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா காலிப் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஒரு சாணுக்கும் ரெண்டு சாணுக்கும் நடுவில் மரச்சீவல். ஒரு மூலையில் சக்கரம், மறுமூலையில் மணல் கிண்ணம், நடுவில் அவரே அட்டையில் வெட்டிச் செய்த மூன்று அறைக் குகை.

"அந்தம்மா சொல்றது சரிதான்னு வெய்யி" என்றார். "உடம்பு எலி, வருஷம் பாம்பு. பாம்பு எலியைப் பிடிச்சுத் தின்கிற ஜாதி. ரெண்டும் ஒரே தோலுக்குள்ள எப்படிப் படுத்துத் தூங்கும்?"

"தெரியலப்பா."

"பாம்போட ஆசனம் தென்கிழக்கு. பாத்தேன். இந்த வீட்ல அங்க கக்கூஸ் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், மீசையைத் தடவினார். தைரியம் வந்து கேட்டேன்.

"அப்ப உங்களுக்கும் அதுக்கும் மோதல் இல்ல. போக வேண்டியதில்ல, இல்லையா?"

"மோதல் இல்ல." எழுந்து மரச்சீவல் பையை மடித்தார். "ஆனா போகத்தான் போறேன். பஸ் நேரம் பாத்து வெச்சிட்டேன். திங்கட்கிழமை காலையில."

எலிதான் காரணம் என்றார். எலி பாம்பாகிவிட்டது. காரணம் போய்விட்டது, போவது மட்டும் போகவில்லை. அவருக்குக் குகை வெட்டத் தெரிகிறது, விளக்கேற்ற நடக்கத் தெரிகிறது, இருப்பதற்கு என்ன தடை என்று எனக்குப் பிடிபடவில்லை. கவுண்டரில் என்றால் கேட்டுவிடுவேன்: குடிமாறக் காரணம் என்ன? வீட்டில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

ஞாயிறு மதியம் இரண்டரைக்கு ஜிச்சிங் வந்தாள். ஒல்லியான பெண், இருபத்தெட்டு வயது, தோளில் துளையிட்ட சிறு பை. பைக்குள் டௌஹுவா தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் ஒரு வெப்பமானி தொங்கியது. செருப்பைக் கழற்றிவைத்து அப்பாவுக்குத் தலைவணங்கினாள்.

"வணக்கம் பெரியப்பா. தொந்தரவுக்கு மன்னிக்கணும். எல்லா வீட்லயும் இப்படித்தான் பாப்பேன்."

"பாரும்மா. நானும் முப்பது வருஷம் பரிசோதகருங்களைப் பாத்தவன். ஜப்பான்காரன் பழத்தை மோந்துகூடப் பாப்பான்."

பெட்டியைக் குனிந்து பார்த்தவள் ஓட்டைகளை விரலால் தடவினாள். "இது யார் போட்டது? கடைல வாங்குறதுலகூட இவ்ளோ ஒழுங்கா இருக்காது."

"வாழைப்பழக் கணக்கு" என்றார் அப்பா.

அவள் அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு இடத்திலும் வெப்பமானியைப் பிடித்து, போனில் சத்தத்தை அளந்து, குறித்துக்கொண்டாள். கூடம் இருபத்தொன்பது. என் அறை இருபத்தாறு, அமைதி. "இது பிரமாதம்க்கா." பிறகு மேற்குப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். நான் பின்னால் நின்றேன், அப்பா எனக்குப் பின்னால்.

மதிய வெயில் திரையில்லாத ஜன்னல் வழியாக நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஏசியின் இயந்திரம் உறுமியது. அதன் சூடும் சேர்ந்து வந்தது. சுவரோரம் என் பழைய அட்டைப் பெட்டிகள், இஸ்திரிப் பலகை, ஓடாத உடற்பயிற்சி சைக்கிள். அவற்றுக்கு நடுவே மடக்குக் கட்டில்.

ஜிச்சிங் வெப்பமானியை உயர்த்திப் பிடித்தாள். "முப்பத்து நாலு. சத்தம் அறுபது. அக்கா, ஸ்டோர் ரூம்ல மட்டும் தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க. இங்க ஒரு வாரம் தாங்காது."

இயந்திரம் மட்டும் உறுமியது.

"மூணு மாசம் தாங்குது" என்றார் அப்பா.

ஜிச்சிங்குக்கு முதலில் புரியவில்லை. கட்டில் முனையில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தாள், தலையணை மேலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "பெரியப்பா, நான், எனக்குத் தெரியாம…"

"அட, விடும்மா. உன் நிபந்தனைப் பட்டியல்ல எனக்கும் ஒரு பக்கம் போட்டுக்குடு. மரச்சீவல் வேணாம். சக்கரமும் வேணாம்."

அவள் டௌஹுவாவைப் பெட்டியில் விட்டு, பெட்டியை அப்போதைக்கு என் அறையில் வைக்கச் சொன்னாள். நிலையான இடத்தில் வைத்துப் படமும் பூர்த்தி செய்த படிவமும் புதன்கிழமைக்குள் அனுப்பினால் போதும் என்றாள். "ஏழாவது காலியா இருக்குக்கா, பாத்துக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அப்பாவுக்கு இரண்டு முறை தலைவணங்கினாள்.

நான் மேற்கு அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் முதுகு நனைந்தது. வேலைநாட்களில் இந்த நேரத்துக்கு நான் வீட்டில் இருப்பதில்லை. ஞாயிறுகளில் இந்தக் கதவு சாத்தியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவசரத்தில் கட்டிலைப் போட்டேன். திரை வாங்க வேண்டும், பெட்டிகளை எடுக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அந்த நினைப்பு அப்படியே கிடந்தது.

அப்பா வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"விருந்தாளி ரூமைக் குறை சொல்லுவானா?"

"நீங்க விருந்தாளியா?"

"நீதானே கட்டிலை அப்படிப் போட்டே." அவர் குரலில் இப்போதும் கோபமில்லை. "கட்டிலுக்கு நாள் பாக்கல. நாள் பாக்காம போட்ட கட்டில் வந்துபோறவனுக்குப் போடுறது. சரி, இவளுக்கு அதுல நம்பிக்கை இல்ல போலன்னு நெனச்சேன். தப்பில்ல, இந்தக் காலத்துப் பொண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் எலிக்கு நாள் பாத்தே."

அவருக்காகத்தான் எலி, அவருக்காகத்தான் நாள் என்பதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது? எங்கிருந்து ஆரம்பித்தாலும் பொய் போல இருக்கும். பஞ்சாங்கத்தை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன்.

"பாத்துச் சொல்லுங்க. வடக்கு ரூம்ல உங்க கட்டில். நான் இங்க வந்துடறேன். என்னிக்கு போடலாம்?"

"நீ பாரு. வீட்டுக்காரிதான் பாக்கணும்."

எழுத்து பொடியாக இருந்தது. திங்கட்கிழமைக்கு எதிரே கட்டில் போடக் கூடாது என்றிருந்தது. செவ்வாயும் கூடாது. புதன், ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், பாம்பு வேளை, உகந்தது.

"புதன்" என்றேன்.

"திங்கட்கிழமை பஸ்ஸு."

"புதன்கிழமைதான் நல்லாயிருக்கு, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் போய், கூடத்தில் பாய் விரித்தார். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகும்போது துணிப்பையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் என் அறையில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "பகல்ல தூங்குது. சோம்பேறி" என்றார். அவர் இருந்தது பஞ்சாங்கத்துக்காகவா, டௌஹுவாவுக்காகவா, எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். என் கட்டில் மேற்கு அறைக்குப் போனது. ஜன்னலில் தடித்த திரை ஏறியது. சைக்கிளைக் கீழ்வீட்டுக்காரர் எடுத்துப்போனார். ஒன்பதே காலுக்கு அப்பாவுக்காக வாங்கிய புதுக் கட்டிலை வடக்கு அறைக்குள் நகர்த்தினோம். உத்தரத்துக்குக் கீழே கூடாது, கதவுக்கு நேரே கூடாது. திசைகாட்டியை வைத்துக்கொண்டு நான்கு முறை மாற்றச் சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் டௌஹுவாவின் பெட்டி. வெப்பம் இருபத்தாறு.

புதுவிரிப்பை இழுத்துவிட்டு அப்பா இடுப்பில் கைவைத்து நின்றார். "புதுக் கட்டில்னா டிராகன் வருஷத்துப் பொடியன் ஒருத்தன் உருளணும்."

"அது கல்யாணக் கட்டிலுக்குத்தான்பா."

"கட்டில் கட்டில்தான். பொடியனுக்கு எங்க போறது? பாம்புன்னா சின்ன டிராகன். கையில இருக்கறதை வெச்சுப் பாப்போம்."

கோப்பையில் டௌஹுவாவை ஏந்தி விரிப்பின் நடுவில் விட்டார். அது ஒரு சாண் ஓடியது. நின்றது. முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்தது. பிறகு அந்த இடத்திலேயே பொத்தான் அளவுக்கு நனைத்தது.

அப்பா குனிந்து ஈரத்தைப் பார்த்தார். "இதை உருண்டதா எடுத்துக்கலாமா?"

"தெரியலப்பா."

"கோயில்ல அந்தம்மாவைக் கேக்கணும்."

டௌஹுவாவைப் பெட்டியில் விட்டதும் அது அட்டைக் குகைக்குள் போய் மறைந்தது. படம் எடுத்தேன். மேசையில் படிவத்தை விரித்தேன். அப்பா பழைய கட்டில் முனையிலிருந்து துணிப்பையை எடுத்துவந்து முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் இழுத்தார். பதிவேட்டை எடுத்துப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன் கவுண்டர்ல வெள்ளிக்கிழமை கூட்டமா?"

"மதியத்துக்கு மேல இருக்காது."

"வெள்ளிக்கிழமை நாள் சரியில்ல. அடுத்த செவ்வாய் வரேன்."

நான் பேனாவை எடுத்து ஏழாவது கட்டத்துக்குக் கொண்டுபோனேன். அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மூணுன்னு எழுது."

"ஆளுங்களைத்தான் கேக்குறாங்கப்பா."

"குதிரை வருஷத்துல பொறந்த நான் ஆளு. பாம்பு வருஷத்துல பொறந்தது மட்டும் ஏன் இல்ல?"

பதினெட்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். இந்தக் கேள்வியோடு யாரும் கவுண்டருக்கு வந்ததில்லை. குகைக்குள் மரச்சீவல் அசைந்தது. பேனாவைக் கட்டத்தின் மேல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.